இருபது வெள்ளி நோட்டில் ஒரு சிராங்கூன் சாலைக்காரர்

உங்கள் பணப்பையில் இப்போது ஒரு நோட்டாவது இருக்கிறதா? இருந்தால் வெளியே எடுங்கள். இரண்டு வெள்ளி நோட்டு போதும். அதில் தமிழ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

என் வகுப்பு நண்பர்களிடம் இதைக் கேட்டபோது பாதிப்பேர் கைப்பேசியைத்தான் எடுத்தார்கள். "நோட்டா? எல்லாம் பேநவ்தானே!" என்று சிரித்தார்கள். நோட்டு வைத்திருந்தவர்கள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, 'சிங்கப்பூர்' என்ற தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்தார்கள். "இத்தனை நாளாக இதைக் கவனிக்கவே இல்லையே" என்றாள் ஒருத்தி.

அடுத்து இரண்டு கேள்விகள் கேட்டேன். நம் நோட்டு ஒன்றின் பின்புறத்தில் ஓர் இந்திய இசைக்கருவி இருக்கிறது, அது எது? நம் நாட்டு நோட்டு ஒன்றில் முகம் பதிக்கப்பட்ட தமிழர் யார்? இரண்டுக்கும் விடை வரவில்லை.

நான்கைந்து ஆண்டுகளாகப் பல நாட்டு நோட்டுகளைச் சேர்த்து வருகிறேன். என் சேகரிப்பில் விலை உயர்ந்தது என்று எதுவும் இல்லை. ஆனால், ஒவ்வொரு நோட்டிலும் யாரோ சில முடிவுகளை எடுத்திருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்திருக்கிறது. எந்த முகம் வேண்டும், எந்தப் பறவை வேண்டும், எந்த மொழி முதலில் வரவேண்டும் என்ற முடிவுகள் அவை. நாம் மாணவர்கள் என்பதால், அந்த முடிவுகளைப் படித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்று நினைக்கிறேன். முதலில் அந்தத் தமிழரைப் பார்ப்போம்.

எட்டுப் பேரில் ஒருவர்

2019ஆம் ஆண்டு, ராஃபிள்ஸ் இங்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதையொட்டி, சிங்கப்பூர் நாணய ஆணையம் ஒரு நினைவு நோட்டை வெளியிட்டது. மதிப்பு 20 வெள்ளி. ஜூன் 5ஆம் தேதி அது அறிமுகமானது. முதலில் 2 மில்லியன் நோட்டுகள் அச்சிடப்பட்டன. மக்களிடையே வரவேற்பு அதிகமாக இருந்ததால் மேலும் 2 மில்லியன் நோட்டுகள் தேவைப்பட்டன. எங்கள் வீட்டில் அப்பா வங்கியில் மாற்றி வந்த இரண்டு நோட்டுகள் இன்றும் சாமி அலமாரியில்தான் இருக்கின்றன.

முன்புறத்தில் நாட்டின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் படம். அவரோடு, இன்று தேசியக் கலைக்கூடமாக இருக்கும் பழைய நகர மண்டபமும் உச்ச நீதிமன்றமும். பின்புறத்தில் சிங்கப்பூர் ஆறு. அதன் அன்றைய தோற்றமும் இன்றைய தோற்றமும் சேர்ந்து தெரியும். அந்தப் பின்னணியில் எட்டு முகங்கள்.

முன்ஷி அப்துல்லா எழுத்தாளர், மொழி ஆசிரியர். ஹென்றி நிக்கலஸ் ரிட்லி, பூமலையின் இயக்குநராக இருந்து ரப்பர் சாகுபடிக்கு வழிகாட்டியவர். டான் கா கீ தொழிலதிபர். பள்ளிகளுக்கு வாரி வழங்கியவர். தெரேசா சூ முதியோருக்கும் ஏழைகளுக்கும் தொண்டு செய்தவர். ஆலிஸ் பென்னிஃபாதர் பூப்பந்திலும் டென்னிசிலும் ஹாக்கியிலும் சிறந்து விளங்கிய வீராங்கனை. அட்னான் சைடி, 1942 பிப்ரவரியில் மலாய்ப் படைப்பிரிவுடன் நின்று ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டு உயிர்நீத்த அதிகாரி. ரூத் வோங் ஆசிரியர் பயிற்சியை மாற்றியமைத்த கல்வியாளர்.

எட்டாவது முகம் பி. கோவிந்தசாமி பிள்ளை.

பிஜிபி என்றால் என்ன?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்களிடம் 'பிஜிபி' என்று சொன்னால் பிரின்ஸ் ஜார்ஜ்ஸ் பார்க் மாணவர் விடுதி என்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் பெருமாள் கோயில் கல்யாண மண்டபம் என்பார்கள். அந்த மண்டபத்தில் வாழை இலை விருந்து சாப்பிடாத தமிழ்ப் பிள்ளைகள் இங்கே குறைவு. ஆனால் அந்த மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

1887இல் தமிழ்நாட்டில் பிறந்த கோவிந்தசாமி பிள்ளை 1905இல் சிங்கப்பூர் வந்தார். அப்போது அவருக்கு வயது 18. இன்றைய கணக்கில் தொடக்கக் கல்லூரி முடிக்கும் வயது. சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் வேலை. சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் மட்டுமே. கடை நடத்தும் தொழிலை அங்கேயே கற்றுக்கொண்டார். பிறகு செட்டியார் ஒருவரிடம் கடன் வாங்கி அந்தக் கடையையே தமதாக்கிக்கொண்டார். மளிகை, மசாலை, துணி என்று பிஜிபி கடைகள் பெருகின. தேக்கா வட்டாரத்தில் அந்தப் பெயரை அறியாத வீடு இல்லை என்ற நிலை வந்தது.

ஈட்டியதில் பெரும்பங்கைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்தார். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்துக்கு அவர் அளித்த கொடை பெரியது. தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படும் இடமாக நாம் அறிந்த அதே ஆலயம்தான். அங்குள்ள திருமண மண்டபம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1980இல், 93 வயதில் அவர் காலமானார்.

இந்த இடத்தில் நோட்டை ஒருமுறை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கலாம். கோவிந்தசாமி பிள்ளை கல்யாண மண்டபம் 1965ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதைத் திறந்து வைத்தவர் யூசோஃப் இஷாக். ஒரே தாளின் முன்பக்கத்தில் இருப்பவரும் பின்பக்கத்தில் இருப்பவரும் ஒரு நாள் சிராங்கூன் சாலையில் ஒன்றாக நின்றிருக்கிறார்கள். நோட்டை வடிவமைத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்தார்களோ இல்லையோ, அந்த மண்டபத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

இன்னொரு தமிழ்த் தொடர்பும் அதே எட்டுப் பேருக்குள் இருக்கிறது. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் குடும்பத்தில் அரபு மரபோடு தமிழ் மரபும் கலந்திருந்தது. சிறுவயதில் அவர் தமிழ் கற்றதைத் தம் வரலாற்று நூலான 'ஹிக்காயத் அப்துல்லா'வில் எழுதியிருக்கிறார். நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடியாகப் போற்றப்படுபவர் தமிழும் படித்தவர்!

இடம் கிடைக்காதவர்கள்

எட்டு முகங்களுக்கு இடம் கொடுத்தால் மற்ற முகங்களுக்கு இடம் இல்லை என்றுதான் பொருள். 1819இல் ராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை அந்த நோட்டில் இல்லை. அதே இருநூற்றாண்டையொட்டி 2019 ஜனவரியில் ஆற்றங்கரையில், ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில், சாங் நீல உத்தமா, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோருடன் அவருக்கும் சிலை வைத்தார்கள். ஆனால் அது தற்காலிக ஏற்பாடு. முன்ஷி அப்துல்லா மட்டும் சிலையிலும் நோட்டிலும் இடம்பெற்றார்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இஸ்தானாவையும் கட்டியவர்களில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் முக்கியமானவர்கள். சாலைகளையும் அவர்கள் போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் படமே கிடையாது. படம் இல்லாதவரை நோட்டில் எப்படி வரைவது? கடை முதலாளிக்குப் படம் உண்டு. கல் சுமந்தவருக்கு இல்லை. இதை நோட்டின் குறை என்று நான் சொல்லவில்லை. எந்த நோட்டைப் பார்த்தாலும் "இங்கே இருப்பவர் யார்?" என்று கேட்கும்போது "இல்லாதவர் யார்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறேன். வரலாற்றுப் பாடத்தில் நம் ஆசிரியர்கள் எதிர்பார்ப்பதும் அந்த இரண்டாவது கேள்வியைத்தானே?

வீணையும் சோழியும்

அன்றாடம் கையில் புரளும் நோட்டுகளுக்கு வருவோம். 1967இல் சிங்கப்பூரின் முதல் நோட்டுகள் ஆர்க்கிட் மலர்களோடு வந்தன. 1976 முதல் பறவைகள், 1984 முதல் கப்பல்கள். 1999 செப்டம்பர் 9 முதல் யூசோஃப் இஷாக் படம் கொண்ட வரிசை. நாம் பிறந்தது முதல் பார்த்து வருவது இந்த நான்காவது வரிசையைத்தான்.

இந்த வரிசையில் ஒவ்வொரு நோட்டின் பின்புறத்துக்கும் ஒரு கருப்பொருள் உண்டு. இரண்டு வெள்ளிக்குக் கல்வி. அதில் யூசோஃப் இஷாக் படித்த விக்டோரியா பிரிட்ஜ் பள்ளியும் ராஃபிள்ஸ் கல்வி நிலையமும் இருக்கின்றன. ஐந்து வெள்ளிக்குப் பூந்தோட்ட நகரம். பூமலையின் தெம்புசு மரம் அதில் நிற்கிறது. பத்து வெள்ளிக்கு விளையாட்டு. ஐம்பதுக்குக் கலை. நூறுக்கு இளையர்.

ஐம்பது வெள்ளியில்தான் என் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. சியோங் சூ பியெங், சென் வென் ஷி ஆகிய இரு ஓவியர்களின் படைப்புகளுடன் நான்கு இசைக்கருவிகள் அதில் உள்ளன. வயலின், சீனப் பீப்பா, மலாய்க் கொம்பாங், நம் வீணை. நான்கு கருவிகளும் ஒரே தாளில் சேர்ந்திருக்கின்றன. வீணை வகுப்புக்குப் போகும் என் தங்கைக்கு இதைக் காட்டினேன். அன்று முதல் ஐம்பது வெள்ளி நோட்டுக்கு 'வீணை நோட்டு' என்றுதான் எங்கள் வீட்டில் பெயர்.

முன்புறத்தில் ஒரு சோழி இருப்பதையும் கவனியுங்கள். பல்லாங்குழியும் தாயமும் ஆடும்போது பாட்டிமார் உருட்டும் அதே சோழிதான். நாணயங்கள் பரவுவதற்கு முன் ஆசியாவின் பல பகுதிகளில் சோழியே பணமாக இருந்தது. பணத்தின் பழைய வடிவம் புதிய வடிவத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஆயிரம் வெள்ளி நோட்டில் நம் தேசிய கீதம் முழுவதும் மிக நுண்ணிய எழுத்துகளில் அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை; நகலெடுக்கும் இயந்திரத்தில் அந்த எழுத்துகள் கலங்கிவிடும். கள்ளநோட்டுக்காரருக்கு அது ஒரு தடை. பத்தாயிரம் வெள்ளி நோட்டை 2014இலும் ஆயிரம் வெள்ளி நோட்டை 2021இலும் புதிதாக வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். பெரிய மதிப்பு நோட்டுகள் கள்ளப்பணத்தைக் கடத்த வசதியாக இருக்கும் என்பது காரணம்.

அளவையும் பாருங்கள். இரண்டு வெள்ளி நோட்டின் நீளம் 126 மில்லிமீட்டர், ஐந்து வெள்ளி 133, பத்து வெள்ளி 141, ஐம்பது 156, நூறு 162. மதிப்பு ஏற ஏற நோட்டும் நீள்கிறது. பார்வையற்ற ஒருவர் விரலால் அளந்தே எது எது என்று பிரித்தறிய அது உதவுகிறது. வடிவமைப்புத் துறையில் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எது?

கடைசியாக, கையெழுத்து. நாணய ஆணையத் தலைவரின் கையெழுத்து ஒவ்வொரு நோட்டிலும் இருக்கும். 2011 முதல் 2023 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் இன்றைய அதிபர் தர்மன் சண்முகரத்னம். உங்கள் நோட்டில் இருப்பது அவர் கையெழுத்தா என்று பாருங்கள். பல நோட்டுகளில் இருக்கும்.

'வெள்ளி' எங்கிருந்து வந்தது?

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் நாம் "பத்து வெள்ளி" என்று சொல்லும்போது விழிப்பார்கள். அவர்களுக்கு வெள்ளி என்பது கொலுசு செய்யும் உலோகம். நமக்கு டாலர். இந்தச் சொல்லின் வழியைப் பின்தொடர்ந்தால் அமெரிக்கக் கண்டத்துக்கே போய்விடலாம்.

ஸ்பெயின் ஆட்சியில் மெக்சிகோவிலும் தென்னமெரிக்காவிலும் வார்த்த வெள்ளிக்காசுகள் பசிபிக் கடலைக் கடந்து நம் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தன. சிங்கப்பூர்ச் சந்தையில் வணிகர்கள் நம்பி வாங்கிய காசு அதுதான். இந்திய ரூபாயை இங்கே அதிகாரபூர்வப் பணமாக்க ஆங்கிலேயர் முயன்றபோதும் வணிகர்கள் வெள்ளி டாலரை விடவில்லை. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்தன. ரூபாயும் இங்கிருந்து விடைபெற்றது. மலாய்மொழியில் 'ரிங்கிட்' என்றால் ஓரத்தில் பல் வெட்டப்பட்டது என்று பொருள். அந்த ஸ்பானியக் காசின் விளிம்பைப் பார்த்து வைத்த பெயர். மலாய்க்காரர்கள் விளிம்பைப் பார்த்தார்கள், தமிழர்கள் உலோகத்தைப் பார்த்தார்கள். பெயர்கள் வேறு, காசு ஒன்று.

அந்தப் பக்கத்து நாடுகளின் நோட்டுகள் மீது எனக்கு ஆர்வம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நகர மண்டப ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள ஒரு கடைத்தொகுதியில், பழைய நாணயங்கள் விற்கும் சிறிய கடை ஒன்றில், சில வெள்ளிக்கு ஒரு நோட்டு வாங்கினேன். மத்திய அமெரிக்காவில் இருக்கும் கோஸ்டா ரிகாவின் பழைய ஐந்து கொலோன் நோட்டு அது. சேகரிப்பாளர்கள் "உலகின் அழகான நோட்டுகளில் ஒன்று" என்று கொண்டாடுவது. இப்போது அங்கே அது செல்லாது. சுற்றுலாப் பயணிகளுக்கு நினைவுப் பொருளாக விற்கிறார்கள்.

அதன் பின்புறம் ஒரு வண்ண ஓவியம். தலைநகர் சான் ஹோசேயின் தேசிய அரங்கத்தில் விதானத்தை அலங்கரிக்கும் ஓவியம் அது. இத்தாலியர் அலேயார்டோ வில்லா 1897இல் தீட்டியது. காப்பியும் வாழையும் கப்பலில் ஏறும் காட்சி. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் காப்பித் தோட்டம் கடற்கரையில் இருக்கிறது. உண்மையில் அங்கே காப்பி விளைவது மலைப்பகுதியில். வாழைத்தாரைத் தூக்கி நிற்பவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். வாழைத்தார் தூக்கிய ஒருவரைக் கேட்டிருந்தால், இல்லை, தேக்கா சந்தையில் வாழைப்பழம் விற்பவரைக் கேட்டிருந்தாலே, "இப்படிப் பிடிக்க முடியாது தம்பி" என்று சொல்லியிருப்பார். அழகான அந்தப் படத்தில், நாட்டை வாழவைத்த தொழிலாளியின் அனுபவத்துக்கு மட்டும் இடம் இல்லாமல் போய்விட்டது.

கோஸ்டா ரிகா பின்னர் வெளியிட்ட நோட்டுகளைப் பார்த்தால் வேறு முடிவு தெரிகிறது. பின்புறங்களில் நாட்டின் இயற்கைச் சூழல்கள். இரண்டாயிரம் கொலோனில் பவளப்பாறையும் சுறாவும். ஐந்தாயிரத்தில் சதுப்புநிலக் காடும் குரங்கும். பத்தாயிரத்தில் மழைக்காடும் மரத்தில் தொங்கும் தேவாங்கு போன்ற ஸ்லாத் விலங்கும். தங்கள் காடுகளைப் பெருமையாக நினைக்கும் நாட்டின் பணம் அது.

இன்னொரு மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் பணத்தின் பெயரே கெட்சால். நீண்ட பச்சை வாலுடைய பறவையின் பெயர். அந்த நோட்டுகளில் மதிப்பு இரண்டு வகை எண்களில் வரும். ஒன்று நமக்குத் தெரிந்த எண். மற்றொன்று புள்ளியும் கோடும் கொண்ட மாயா எண். ஒரு புள்ளி என்றால் ஒன்று, ஒரு கோடு என்றால் ஐந்து. மாயா மக்களின் வாரிசுகள் இன்றும் அங்கே பெருந்திரளாக வாழ்கிறார்கள். முன்னோரின் எண் அவர்கள் பணத்தில் இருக்கிறது.

தமிழ் எண் உள்ள நோட்டு

தமிழுக்கும் எண்கள் உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். க, உ, ௩ என்று தொடங்கும் அந்த எண்களைப் பணத்தில் பார்க்க வேண்டுமானால் மொரீஷியஸ் நோட்டை எடுத்துப் பாருங்கள். தமிழ் எழுத்தில் தொகையும், தமிழ் எண்ணும் அதில் உண்டு.

அந்த நோட்டுகளுக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. மொரீஷியசில் நெடுங்காலமாக ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் மொழிகள் வந்தன. இந்தியாவிலிருந்து அந்தத் தீவுக்கு முதலில் வந்து சேர்ந்தவர்கள் தமிழர்கள் என்பதால் அந்த இடம். 1998இல் வெளியான புதிய நோட்டுகளில் வரிசை மாறியது. தமிழ் மூன்றாவது இடத்துக்குப் போனது. தமிழ் வம்சாவளியினர் கொதித்தெழுந்தார்கள். அவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுவதில்லை, கிரியோல் பேசுகிறார்கள். இருந்தும் அந்த ஒரு வரியை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. பழைய வரிசையோடு புதிய நோட்டுகள் வந்தன.

இந்திய ரூபாய் நோட்டிலும் இதே சிக்கல் எழுந்திருக்கலாம். அங்கே மொழிப்பட்டியில் 15 மொழிகள். எது முதலில் என்று சண்டை வராதபடி, மொழிகளின் ஆங்கிலப் பெயர்களை அகரவரிசைப்படி அடுக்கிவிட்டார்கள். அசாமிய மொழி முதலில், உருது கடைசியில். தமிழுக்கு 13ஆம் இடம். இலங்கை நோட்டிலும் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழ் உண்டு. ஆக, தமிழ் எழுத்துள்ள நோட்டுகள் வெளியிடும் நாடுகள் என்று நான்கை என் சேகரிப்பில் வைத்திருக்கிறேன்: இந்தியா, இலங்கை, மொரீஷியஸ், சிங்கப்பூர்.

நம் நோட்டில் தமிழ் இருப்பதற்குக் காரணம் அரசியலமைப்பு. மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகள் என்று அது சொல்கிறது. நாம் யாரும் போராடிப் பெறாமல் நம் தலைமுறைக்குக் கிடைத்த இடம் அது. மொரீஷியஸ் தமிழர்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள் அல்ல, மொழியைப் பேசுவதிலும் நம்மைவிடப் பின்தங்கியவர்கள். அவர்கள் ஒரு வரியின் இடத்தைக் கவனித்தார்கள். நம்மில் பலர் அந்த வரி இருப்பதையே கவனிக்கவில்லை. சட்டம் எழுத்தை நோட்டில் வைக்கும். அதைப் படிக்கும் கண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும்.

சேர்க்க விரும்புவோருக்கு

இதைப் படித்துவிட்டு நோட்டு சேர்க்கத் தோன்றினால், என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்.

லாபத்தை நினைத்துத் தொடங்காதீர்கள். நினைவு நோட்டு என்றாலே நாளை பல மடங்கு விலை போகும் என்று சொல்பவர்கள் உண்டு. மில்லியன் கணக்கில் அச்சடித்த நோட்டு அரிதாகிவிடாது. 20 வெள்ளி நினைவு நோட்டைக் கடையில் கொடுத்தால் அது 20 வெள்ளிதான்.

ஒரு கருப்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துள்ள நோட்டுகள், பறவைகள், பெண்கள் இடம்பெற்ற நோட்டுகள் என்று ஏதாவது ஒன்று. லிட்டில் இந்தியாவின் நாணய மாற்றுக் கடைகளில் பொறுமையாகக் கேட்டால் இந்தியா, இலங்கையின் சிறிய மதிப்பு நோட்டுகளை எடுத்துத் தருவார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை வேண்டாம். ஊருக்குப் பணம் அனுப்ப வந்து நிற்கும் வெளிநாட்டு ஊழியர்களின் அவசரம் நம் பொழுதுபோக்கைவிடப் பெரிது.

நோட்டைக் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். அமிலமற்ற உறையில் தட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணையும் வாங்கிய நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். முக்கியமாக, அந்த நோட்டில் இருப்பவரைப் பற்றி ஐந்து வரியாவது தமிழில் எழுதி வையுங்கள். என் குறிப்பேட்டில் மிக நீளமான பக்கம் பிஜிபியுடையது.

எழுத்துப்பிழைகளையும் கவனியுங்கள். 2015இல் நாட்டின் பொன்விழாவுக்கு நாணய ஆணையம் ஆறு நினைவு நோட்டுகளை வெளியிட்டது. நோட்டுகளில் பிழை இல்லை. ஆனால் அவற்றை வைத்துத் தந்த அட்டையில் யூசோஃப் என்ற பெயர் 'யூசோக்' என்று அச்சாகிவிட்டது. ஆணையம் மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. ஓர் எழுத்துதானே என்று விட்டுவிடவில்லை.

தட்டினால் போதும் என்ற காலத்தில்

நம் பெற்றோர் காலத்தில் ஒரு வெள்ளிக்கும் நோட்டு இருந்தது. 1987இல் ஒரு வெள்ளி நாணயம் வந்ததும் நோட்டு மறைந்தது. அதனால்தான் இன்று மொய் உறையில் ஐம்பதோடு ஒரு வெள்ளி நாணயத்தை ஒட்டிக் கொடுக்கிறோம். இப்போது மொய்யும் கைப்பேசிக்குப் போய்விட்டது. மண்டபத்து வாசலில் கியூஆர் குறியீடு வைத்திருக்கும் திருமணத்துக்கு நானே போயிருக்கிறேன். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் வீணை இல்லை, சோழி இல்லை, எந்த மொழியும் இல்லை.

இந்த மாற்றத்தை எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உணவங்காடியில் நானும் கைப்பேசியைத்தான் நீட்டுகிறேன். ஆனால் ஐந்தாவது வரிசை நோட்டுகள் என்றாவது ஒரு நாள் வரும். அவற்றில் யார் இருக்க வேண்டும், என்ன இருக்க வேண்டும் என்று பேசும் வயதில் அப்போது நாம் இருப்போம். வடிவமைப்பாளராக, வரலாற்று ஆய்வாளராக, வங்கி அதிகாரியாக, அல்லது கருத்துச் சொல்லும் குடிமகனாக.

அன்றைக்குச் சொல்ல உங்களிடம் ஒரு பெயர் வேண்டும். இந்த விடுமுறையில் பாட்டி தாத்தாவிடம் கேளுங்கள்: தேக்காவில், செம்பவாங் கப்பல் பட்டறையில், துறைமுகத்தில், பள்ளிக்கூடத்தில், நோட்டில் இடம்பெறத் தகுந்த யாரை அவர்களுக்குத் தெரியும்? அவர் படம் ஒன்று கிடைத்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.